அரக்கனைப் பசுவாக்கிய மதியம்

மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே எங்கள் அறை. தொண்ணூறுகளின் நடுவில், ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் மூன்று பேர் பாய் விரித்துப் பகடை உருட்டுவோம். சூதாட்டம் என்று வீட்டுக்காரருக்குச் சந்தேகம். நாங்கள் ஆடியது கதை ஆட்டம். நடத்துகிறவன் குகை, காடு, அரக்கன் எல்லாவற்றையும் வாயாலேயே கட்டி எழுப்புவான். எங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று நாங்கள் சொல்ல வேண்டும். நடத்தியவன் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழன், பேச்சில் பாதி கன்னடம் கலக்கும். நான் மந்திரவாதி. என் அறைத் தோழன், ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன், வாள்வீரன்.

வாரம் முழுக்க ஃபாக்டரியில் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குகிறவன் அவன். அந்த வீரனை ஒரு வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்த்திருந்தான். வீரன் செத்தால் அவன் பலம், ஆயுதம் எல்லாம் எழுதி வைத்திருக்கும் தாளைக் கிழித்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி.

அன்று குகை மூலையில் அரக்கன் அவனை மடக்கிவிட்டான். இன்னொரு அடி விழுந்தால் ஆள் காலி. என்னிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு உருமாற்ற மந்திரம். அரக்கனை எந்தப் பிராணியாகவும் மாற்றலாம், அப்போது ஒரே வெட்டில் செத்துவிடுவான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருளும். ஆறு விழுந்தால் அரக்கன் பழையபடி எழுந்துவிடுவான்.

“பேக சொல்லு குரு, டைம் இல்ல,” என்று நடத்துகிறவன் அவசரப்படுத்தினான். கடிக்காத, பாயாத பிராணி எது என்று மட்டும்தான் யோசித்தேன்.

“பசு!” என்றேன்.

அரக்கன் நின்ற இடத்தில் வெள்ளைப் பசு நின்றது. “வெட்டுடா!” என்று தோழனிடம் கத்தினேன்.

அவன் என்னை முறைத்தான். “என்றா பண்ணிப்போட்ட? மாட்டப் போயி வெட்டச் சொல்ற?”

“அது மாடு இல்லடா, அரக்கன்!”

“மாடாத்தான நிக்குது?”

பகடை உருண்டது. மூன்று. இல்லாத மாட்டுக்காக இவன் சாகப்போகிறானே என்று கோபம் கோபமாக வந்தது. விடாமல் திட்டினேன்.

“அப்ப நீயே குத்து. உங்கிட்டயுந்தான் கத்தி இருக்குதே,” என்றான்.

இருந்தது. ‘குத்துகிறேன்’ என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். “அது உன் கைய நக்குது, ஆய்த்தா?” என்றான் நடத்துகிறவன், வேண்டுமென்றே. படுபாவி. என்னால் சொல்ல முடியவில்லை. தோழன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“கவுறு போட்டு வெளிய ஓட்டிப்போட்டு ஓடிரலாம்,” என்றான் தோழன். அவனுடைய வீரன் பசுவின் கழுத்தில் கயிற்றைக் கட்டி நுனியைப் பிடித்துக்கொண்டான். பகடை உருண்டது. இரண்டு. குகை வாசல் தெரிந்தது. மறுபடி உருண்டது.

ஆறு.

கயிற்றின் மறுமுனையில் அரக்கன் நின்றான். ஒரே அடிதான்.

தோழன் தானே தாளை எடுத்துக் கிழித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“உடு. அடுத்த வாட்டி பன்னியா மாத்து,” என்றான்.

நடத்துகிறவன் விழுந்து விழுந்து சிரித்தான். தோழனும் சிரித்தான். பிறகு கிழித்த துண்டுகளைப் பாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மறுநாள் அதே சட்டையோடுதான் வேலைக்குப் போனான்.