ஆமாஞ்சாமி பூட்டிய எர்த் வயர்கள்

என் ஓரகத்தி கல்யாணமாகி வந்த புதிதில் அவள் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தான். தலையில் ஒரு பக்கம் ஒட்ட வெட்டிய முடி, மறுபக்கம் காதை மூடும் முடி. அப்பா குட்டையாக வெட்டச் சொன்னாராம், அம்மா நீளமாக விடச் சொன்னாளாம். பையன் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, முடிவெட்டுகிறவரிடம் இரண்டையும் அப்படியே ஒப்பித்திருக்கிறான். "இவன் பேரு என்னம்மா?" என்று என் மாமியார் கேட்டதற்கு ஓரகத்தி, "நாங்க ஆமாஞ்சாமின்னு கூப்பிடுவோம்" என்றாள். அவனும், "ஆமா" என்றான்.

வளர்ந்து வண்டி மெக்கானிக் ஆனான். கை சுத்தம், வேலை சுத்தம். வாய் மட்டும் அந்த ஒரு சொல்லைத் தாண்டவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட, "பொண்ணு பிடிச்சிருக்கா?" என்றதற்கும் ஆமா, "இன்னொரு எடம் பாக்கலாமா?" என்றதற்கும் ஆமா. அந்தப் பெண்தான் முந்திக்கொண்டு சரி சொல்லிக் காரியத்தை முடித்தாள்.

அவள் புருஷன், அதாவது என் கொழுந்தன், இடுப்பு ஒடிந்து படுத்த பிறகு, ஓரகத்தி வேன் ஓட்டித்தான் குடும்பத்தை நடத்தினாள். தையல் கம்பெனிக்கு வேலையாட்களை ஏற்றிப்போய் இறக்கும் வேன். அதன் எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டி ஒருநாள் கருகிப்போனது. அதே பெட்டி கிடைக்காததால், வேறு கம்பெனிக்காரன் செய்த பெட்டியை வாங்கித் தம்பி பொருத்தினான். எஞ்சின் ஓடியது. ஆனால் ஹெட்லைட்டைப் போட்டால் லேசாக இருமியது.

காரணம் அவனுக்கு அப்போதே தெரியும். பெட்டிக்கு வந்த கரண்ட் திரும்பிப் போகிற எர்த் வயர்கள் எல்லாம் எஞ்சினில் ஒரே போல்ட்டில் சேர்ந்திருந்தன. அது சரி. போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட் இருந்தது. இரும்பும் இரும்பும் தொட்டால்தானே எர்த்? சுரண்டிவிட்டால் தீர்ந்தது. உப்புத்தாளைக் கையில் எடுத்தான். அந்த நேரம் பார்த்து அவன் மாமனார் பட்டறைக்குள் வந்தார்.

"என்ன மாப்ள, எர்த் பத்தலையா? கதவுக் கீல்ல ஒரு வயரக் குடுங்க. வண்டியிலயே கெட்டியான எடம் அதான்."

"ஆமா மாமா."

கீலுக்கு ஒரு சிவப்பு வயர் போனது. இருமல் கூடியது. ரேடியோ ரிப்பேர் பார்த்து ஓய்ந்த சித்தப்பா வந்தார். "நான் பாக்காத கொரகொரப்பாடா? டேஷ்போர்டுக்குள்ள ஒரு எர்த் அடி."

"ஆமா சித்தப்பா."

பேட்டரி விற்கிற மச்சானுக்குக் கேள்விப்பட்டதும் பொறுக்கவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேக்கலியே மச்சான்? சீட்டு போல்ட்டுல போடு." அங்கேயும் ஒரு வயர்.

பெட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரே போல்ட்டில் சேரவேண்டியது ஊரெல்லாம் பிரிந்து நின்றால், விளக்கு போட்டால் ஒரு கணக்கு, வைப்பர் போட்டால் ஒரு கணக்கு. சூடான எஞ்சினைக் குளிர்ந்தது என்று நினைத்துப் பெட்ரோலை ஊற்றியது. மூன்று பேரும் தினமும் பட்டறைக்கு வந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் அவரவர் வயரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை நல்ல மழை. நாற்சந்தியில், பெண்களோடு வேன் நின்றுவிட்டது. இன்னொரு தடவை நின்றால் வேறு வேன் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனி மேனேஜர் சொல்லிவிட்டார். ஓரகத்தி நனைந்தபடியே பட்டறைக்கு வந்தாள். மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"டேய், இது எதனால நிக்குது?"

"ஆமாக்கா."

"கேள்வி கேட்டா என்னடா ஆமா?" என்று காதைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போனாள். அங்கே அவன் குசுகுசுத்தான். "வயர் எல்லாம் ஒரே எடத்துல இருக்கணும்க்கா. இவங்க சொன்னதெல்லாம் எடுத்துரணும்."

"அப்ப எடு!"

"மாமா மனசு கஷ்டப்படும்."

"திங்கக்கிழமை உன் மாமனார் மனசுலயாடா ஆளுங்கள ஏத்திட்டுப் போவேன்? வீட்ல ஒலையில போட அரிசிக்கு நான் எங்க போவேன்?"

இதற்கு அவன் ஆமா என்றுகூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரையும் சித்தப்பாவையும் மச்சானையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். பெண்டாட்டி இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்த நேரத்தில் இவன் பட்டறைக்கு ஓடிவந்து டேஷ்போர்டுக்கு அடியில் படுத்தான். பெட்டியின் பக்கம் மூன்று வயர்களையும் நறுக்கி, முனையில் டேப் சுற்றி உள்ளே தள்ளினான். கீலிலும் சீட்டிலும் டேஷ்போர்டிலும் கண்ணுக்குத் தெரிகிற முனைகளை அப்படியே விட்டான். எஞ்சின் போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளபளக்கிற வரை பெயிண்டைச் சுரண்டி, பெட்டியின் பழைய எர்த் வயர்களை மட்டும் அதில் இறுக்கினான். விளக்கு, வைப்பர், ஹாரன், எல்லாம் ஒன்றாகப் போட்டான். எஞ்சின் ஒரு செருமல்கூடச் செருமவில்லை.

திங்கட்கிழமை கொட்டுகிற மழையில் வேன் கம்பெனி வாசலில் போய் நின்றது. மேனேஜர் வேறு வேன் பேச்சை எடுக்கவில்லை.

மாமனார் சிவப்பு வயரை ஆட்டிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. அதன் மறுமுனை எதையும் தொடவில்லை. "கீலுன்னு சொன்னேன்ல மாப்ள?"

"ஆமா மாமா."

"டேஷ்போர்டுலதாண்டா சரியாச்சு" என்றார் சித்தப்பா. அவருக்கும் ஆமா. மச்சானுக்கும் ஆமா. அன்றிலிருந்து மூன்று பேருக்கும் ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை கிடையாது. அவரவர் வைத்தியத்தைத் தெருவெல்லாம் சொல்லி, பக்கத்து வீட்டு வண்டி, எதிர் வீட்டு வண்டி எல்லாவற்றிலும் வயர் போட வைத்தார்கள். அந்த வண்டிகள் இருமிக்கொண்டே இவன் பட்டறைக்கு வந்து சேர்ந்தன.

ஓரகத்தி இன்னும் அதே வேனைத்தான் ஓட்டுகிறாள், கம்பெனியும் அதே கம்பெனிதான். ஆமாஞ்சாமி இப்போது பஸ் டிப்போவுக்குப் பின்னால் பெரிய இடமாக வாடகைக்குப் பிடித்துப் பட்டறை வைத்திருக்கிறான். அவன் பெண்டாட்டி முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் முடியும், முடியாது சொல்லுகிறாள்.