அம்மாவின் முழங்காலும் கனடா மாவும்

கனடாவிலிருந்து தங்கச்சி தகரப் பேணி பேணியாகக் கொலாஜன் என்ற, கரைத்துக் குடிக்கிற சத்து மா அனுப்பத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு அம்மாவோடு மல்லுக்கட்டுதான். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். போன வருடப் பெரிய வெள்ளியில் எல்லோரும் முழந்தாளிட்டுச் சிலுவையை முத்தி செய்ய, அம்மா மட்டும் கதிரையில் இருந்தபடி அழுதார். இந்த வருடம் எப்படியாவது முழந்தாளிட்டுவிட வேண்டும். அதுதான் அவருடைய ஒரே ஆசை.

மூட்டு வலி போகும், தோல் மினுங்கும், மயிர் கொட்டாது, நல்ல நித்திரை வரும் என்றாள் தங்கச்சி. செத்தவர் எழும்புவார் என்று மட்டும்தான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் கேட்டேன். "குடிச்சால் குடிக்கட்டும். வயித்துக்குள்ள போனால் மீன், முட்டை மாதிரித்தான் அதுவும் செமிக்கும். சிலருக்குக் கொஞ்சம் சுகம் தெரியலாம். ஆனால் பயிற்சியை விடக்கூடாது" என்றார். அம்மா முதல் வசனத்தை மட்டும் காதில் வாங்கினார். காலை நீட்டி மடக்கச் சொன்னால், "அதுதான் மா குடிக்கிறனே" என்பார்.

தவக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை, மரக்கறிதான். அது தொடங்குகிற விபூதிப் புதனன்று அம்மா பேணியைத் திருப்பினார். மூலையில் சின்னதாக ஒரு மீன் படம்.

"என்ன பிள்ளை இது?"

"மீன் தோலிலதான் அம்மா இதைச் செய்யிறது."

எங்கள் பேசாலைக் கடற்கரையில் நாங்கள் காகத்துக்கு எறிகிற சாமான். டொக்டர் சொல்லியும் நான் கத்தியும் நடக்காதது, அந்த மீன் படத்தால் நடந்தது. பேணி அலுமாரிக்குள் போனது.

மா இல்லாமல் வேறு வழியின்றி அம்மா பயிற்சிக்கு இறங்கினார். குளித்துத் துடைக்கிற துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து அழுத்தச் சொல்வேன். அவர் என்னைத் திட்டுவார், நானும் திட்டுவேன். பெரிய வெள்ளியன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழந்தாளிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தங்கச்சி வீடியோவில் வந்தாள்.

"பிள்ளை, நான் முழந்தாளில நிண்டனான்! எல்லாம் உன்ர மாவாலதான்" என்றார் அம்மா.

அங்கே அவள் சந்தோஷத்தில் அழுகிறாள். இங்கே போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் போனை வைத்ததும் கேட்டேன்: "தவக்காலத்தில ஒரு கரண்டியாவது குடிச்சனீங்களோ?"

"இல்லை." அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவள் அங்க இருந்துகொண்டு மா அனுப்பிறதை விட்டால் வேற என்னத்தைச் செய்யிறது?"

துவாயை எடுத்துச் சுருட்டினேன்.

"சரி, காலை நீட்டுங்கோ."