அரைக் கட்டை குறைவு

என் கணவர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது கிடாரால்தான். மற்ற பெண்களுக்குச் சட்டைப் பையில் கடிதம் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது தளர்ந்த கம்பி.

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்தெருவில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். பகலில் அவருக்கு ஆபீஸ். புதன், சனி மாலைகளில் தி. நகரில் ஒரு மொட்டைமாடி அறையில் மெல்லிசைக் குழுவின் ஒத்திகை. அவர் கிடார், நான் பாட்டு. கல்யாண ரிசப்ஷன்களில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. தலைக்கனம் அதைவிடக் கூடுதலாகவே இருந்தது. குழந்தை பிறந்தபின் மூன்று மாதம் விடாத இருமல் வந்து பாட்டு நின்றுபோயிற்று. இருமல் விட்டதும் தினமும் வீட்டில் அவர் வாசிக்க நான் பாடிப் பழகினேன். மறுபடி மைக் முன்னால் போய் நிற்க வேண்டும். அப்போது எனக்கு வேறு ஆசையே கிடையாது.

“பழையபடி பாடறேனோன்னோ?” என்று கேட்பேன்.

“அப்படியேதான் இருக்கு.”

“அப்போ அடுத்த கச்சேரிக்கு வரட்டுமா?”

“இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே.”

அந்தக் கொஞ்ச நாள் ஆறு மாதமாயிற்று. நன்றாகப் பாடுகிறவளை எதற்கு வீட்டிலேயே வைத்திருக்கிறார் என்று எனக்குள் அரிக்க ஆரம்பித்தது.

இதற்கிடையில் குழுவில் அக்கார்டியன் வாசிக்கிற ராயப்பேட்டைக்காரர் ஒருநாள் ஏதோ நோட்டுப் புத்தகம் வாங்க வந்தார். காபியை ஆற்றிக்கொண்டே, “புச்சா ஒரு பொண்ணு பாட வந்துக்கீது அண்ணி. நல்லாத்தான் பாடுது” என்றார். என் கணவர் அதுவரை அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்றிலிருந்து அவரைக் கவனித்தேன். ஒத்திகையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவார், காபியைக்கூடத் தொடாமல் கிடாரோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே கம்பி முறுக்குகிற சாவிகள் கிரீச்சிடும். ஒத்திகைக்குக் கிளம்புவதற்கு முன்னாலும் அதே கூத்து. கம்பிகள் அடிக்கடி அறுந்தன. கேட்டால், “கடல் காத்து, துருப்பிடிச்சுடறது” என்பார். நாங்கள் பிறந்த நாளிலிருந்து அதே கடல்தான் அங்கே இருக்கிறது.

என் தங்கை இரவல் வாங்கிப் போயிருந்த சுருதிப் பெட்டி ஒருவழியாகத் திரும்பி வந்தது. என் சுருதி ஐந்தரைக் கட்டை. பெட்டியில் அதை வைத்துக்கொண்டு, அவர் ஆபீசில் இருந்த நேரத்தில் கிடாரை எடுத்து மடியில் கிடத்தினேன். எனக்காக அவர் செய்கிற ஏற்பாடு எனக்குத் தெரியும். கிடாரின் கழுத்தில் முதல் மெட்டின் மேல் குறுக்காக ஒரு பென்சிலை வைத்து ரப்பர் பேண்டால் இறுக்கிவிடுவார். ஆறு கம்பியும் ஒரே சீராக அரைக் கட்டை ஏறிவிடும். பென்சிலோடு மூன்றாவது கம்பியை மீட்டினால் சரியாக ஐந்தரை பேசும்.

பென்சில் அதே இடத்தில்தான் இருந்தது. மீட்டினேன். ஐந்து என்றது.

பெட்டியை நிறுத்தி மறுபடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தேன். ஆறும் அரைக் கட்டை இறங்கியிருந்தன. ஐந்து கட்டை வேண்டுமென்றால் பென்சிலை உருவினாலே போதும், ஒரு விநாடி வேலை. அதை விட்டுவிட்டு ஆறு கம்பியையும் தளர்த்தி, பென்சிலையும் அப்படியே விட்டு வைத்திருக்கிறார் என்றால் அது யார் கண்ணில் மண்ணைத் தூவ? அந்தக் கிடாரைப் பார்க்கிற கண் வீட்டில் என்னுடையது ஒன்றுதான். அந்தப் புதுப் பெண்ணின் சுருதி ஐந்து என்று நானே முடிவு கட்டினேன். சோற்றில் உப்புப் போட்டேனா இல்லையா என்றுகூட அன்று நினைவில்லை.

மாலையில் அவர் வந்ததும் சுருதிப் பெட்டியை நடுக்கூடத்தில் வைத்தேன்.

“ஏன்னா, யாருக்காக எறக்கி வச்சிருக்கேள்?”

முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. குழந்தை பயந்து அழுகிற அளவுக்குக் கத்தினேன். அந்தப் பெண்ணைப் பற்றி, பார்த்தே இராத பெண்ணைப் பற்றி, என்னவெல்லாமோ சொன்னேன். அவர் உட்கார்ந்து பெட்டியில் ஐந்தரையை வைத்தார்.

“நேத்து பாடினியே, அந்தச் சரணத்தைப் பாடு.”

“பேச்சை மாத்தாதீங்கோ.”

“பாடேன்.”

கோபத்தோடுதான் பாடினேன். முந்தின நாள் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போன சரணம். மேலே ஏறுகிற இடத்தில் குரல் பிளந்தது. மறுபடி பாடினேன். மறுபடியும் பிளந்தது.

“ஆறு மாசமா நீ அஞ்சுலதான் பாடிண்டிருக்கே” என்றார். “இருமலுக்கப்பறம் அஞ்சரை எட்டலை. ஒத்திகைக்குப் போறச்சே கம்பியை ஏத்திப்பேன், வந்ததும் உனக்காக எறக்கிடுவேன். தெரிஞ்சா பாட்டையே விட்டுடுவியோன்னு பயம்.”

வேறொருத்தி இருந்திருந்தால் சண்டை போட எனக்குத் தெரியும். இதற்கு எப்படிச் சண்டை போடுவது? அழுதேன். அவர் அன்பு புரியாமல் இல்லை, ஆனால் ஆறு மாதப் பாராட்டும் பொய் என்பதுதான் முதலில் குத்தியது. கிடார்க் கம்பியைப்போல அக்கார்டியனை எனக்குத் தெரியாமல் இறக்கி வைக்க முடியாது, மேடையில் குட்டு உடைந்துவிடும், அதனால்தான் ‘கொஞ்ச நாள் போகட்டும்’ என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை நானும் ஒத்திகைக்குப் போனேன். எல்லார் முன்னாலும், “இனிமே எனக்கு அஞ்சு” என்று நானே சொன்னேன். அந்தப் புதுப் பெண் பாவம், பதினெட்டு வயதுகூட இருக்காது. அவள் ஆறில் பாடினாள்.

மாத முடிவில் ஒரு ரிசப்ஷனில் பாடினேன். ரிக்‌ஷாவில் திரும்பும்போது அவர், “ரொம்ப நன்னா இருந்தது” என்றார். அவர் முகத்தையே பார்த்தேன். நிஜமா என்று கேட்டேன். நிஜம் என்றார். நம்பவில்லை.

அடுத்த ஒத்திகையில் அக்கார்டியன்காரரைத் தனியாகப் பிடித்து, அன்று எப்படிப் பாடினேன் என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“மேல போற எடத்துல ரெண்டு தபா கஸ்டப்பட்டீங்கோ அண்ணி. மத்தபடி சோக்கா இருந்துச்சு.”

முதலில் அந்தக் குறையைச் சொன்னாரே, அதனால்தான் இரண்டாவதாகச் சொன்னதை நம்பினேன். மாடிப்படியில் நின்று கொஞ்ச நேரம் சந்தோஷமாக அழுதேன்.