மருந்து வாடை

நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். குளோரின் வாடை அடிக்காவிட்டால் அது எனக்குத் தண்ணீராகவே தோன்றாது. என் வீட்டுக்காரருக்குத் திருநெல்வேலிப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் பழகிய நாக்கு. முகப்பேரில் இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து டம்ளரை எடுத்தாலே முகத்தைச் சுளிப்பார்.

"ஆஸ்பத்திரியைக் கரைச்சுக் குடிக்கிற மாதிரி இருக்கு."

போன வருஷம் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து ஆளே பாதியாகிவிட்டார். தேறி வந்தபோது, காய்ச்சிய தண்ணீர் தவிர எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த மஞ்சள் கண்களை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. தினமும் சீரகம் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, அவர் கையில் கொடுத்த பிறகுதான் மற்ற வேலை.

எங்கள் பிளாக்கில் எல்லாருக்குமே அந்த வாடைமேல் கோபம். மாடி வீட்டில் இருக்கும் எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி குடிநீர் வாரியத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்தார். சில நாள் கழித்து ஒரு காலையில் குழாயைத் திறந்தால், வாடையே இல்லை! வாட்ஸ்அப் குரூப்பில் அவருக்கு ஒரே கைதட்டலும் பூங்கொத்தும். மனிதர் படிக்கட்டில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "நாம சொன்னா நடக்கும்" என்றார். தேர்தலில் நின்றிருந்தால் ஜெயித்திருப்பார்.

எனக்கோ பகீரென்றது. குவார்ட்டர்ஸில் வாடை நின்ற நாட்களில்தான் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு வரும். தண்ணீரில் போட்ட குளோரின் வருகிற வழியிலேயே ஏதோ அழுக்கோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். சமையலறைக்கு ஓடினேன். இவர் குழாயடியில் டம்ளரும் கையுமாக நிற்கிறார்.

"இன்னிக்கு இளநீர் மாதிரி இருக்குடி!"

"குடிச்சிட்டீங்களா?"

"ஒரு வாய்தான்."

டம்ளரைப் பிடுங்கி அப்படியே பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினேன். குரூப்பில் யாரும் குடிக்காதீர்கள் என்று போட்டேன். செக்ரட்டரிக்கு நான் பொறாமைக்காரி என்று எண்ணம். விடவில்லை, புகார் எண்ணுக்கு நானே போன் போட்டேன். மதியத்துக்குள் வாரியத்து ஆட்கள் வந்து, குளோரின் இருந்தால் தண்ணீரை மஞ்சளாக்கும் சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் நிறம் மாறவே இல்லை. கேட்டுக்கு எதிரே தோண்டினார்கள்.

"இங்க பாருக்கா, கேபிளுக்குத் தோண்டுனவன் பைப்ப ஒட்ச்சிட்டுப் போயிகீறான். சாக்கடை உள்ள பூந்துகினு கீது."

அன்று மாலை செக்ரட்டரி படிக்கட்டுப் பக்கமே வரவில்லை.

பைப்பை மாற்றினார்கள், சம்ப்பைக் கழுவினார்கள், பழைய வாடையும் திரும்பியது. என் பயம் மட்டும் அந்த ஒரு வாயிலேயே நின்றது. தினமும் விடிந்ததும் அவரை ஜன்னலோரம் இழுத்துப்போய் இமையை விரித்துப் பார்ப்பேன். "மாட்டுச் சந்தையில பல்லைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறியே" என்பார். சில வாரம் கழித்து டாக்டரே பார்த்துவிட்டு, இனி பயமில்லை என்றார்.

மறுநாள் காலை பல் தேய்க்கப் போனவர் கத்தினார்.

"சே, மறுபடியும் அதே நாத்தம்! இதைக் கேட்க ஆளே இல்லையா இந்த ஊர்ல?"

வாடை திரும்பி வாரக்கணக்காகிறது; அவரும் உள்ளுக்குள் பயந்துதான் இருந்திருக்கிறார், கத்த இன்றைக்குத்தான் மனசு வந்திருக்கிறது. கண்ணில் நீர் முட்டியது. "இன்னும் நல்லா திட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் தண்ணீரை ஏற்றினேன்.