கொக்கி இல்லாத காப்பு

செம்புக் கம்பியை நெடுநேரம் வளைத்த விரல்களில் ஒரு மணம் தங்கும். வியர்த்த உள்ளங்கையில் சில்லறைக் காசைப் பொத்தி வைத்திருந்தால் வருமே, அதுபோலச் சற்றே புளித்த மணம். எனக்குப் பதினொரு வயதாயிருந்த தென்மேற்குக் காற்று வீசும் அந்தச் சோளகக் காலம் முழுவதும் என் கைகள் அப்படித்தான் மணத்தன. காற்றுப் பெயர்ந்து தென்கடல் கலங்கிக் கிடந்ததால் அப்பா படகை எங்கள் தீவின் வடகரைக்குக் கொண்டுபோயிருந்தார். எங்கள் கரையில் ஆளரவமே இல்லை. அலை ஒதுக்கிவிட்டுப் போனதெல்லாம் எனக்கே எனக்கென்று கிடந்தது.

அந்தச் சோளக முடிவில் ஜெசி அக்கா யாழ்ப்பாணத்தில் ஒரு கன்னியர் மடத்தில் சேரப் போகிறாள் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவள் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா விடியப் புறப்பட்டுக் கருவாட்டு வாடிக்குப் போய்விடுவதால் எனக்குத் தலை பின்னியதும், காய்ச்சலில் பக்கத்தில் கிடந்ததும், இடி முழக்கத்துக்குக் காதைப் பொத்தியதும் அவள்தான். யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை. அவளே விரும்பிக் கேட்டாள். அம்மா கோவிலில் மெழுகுதிரி கொளுத்தினாள், அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் மட்டும் எழும்பிக் கரைக்கு ஓடிவிட்டேன்.

ஒருநாள் அம்மா அக்காவின் தோடுகளைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தபடி, "மடத்துக்குப் போற பிள்ளைக்கு நகை நட்டு ஒண்டும் கூடாது" என்றாள். அந்த ஒரு சொல்லில் எனக்கு வழி பிறந்துவிட்டது. அக்காவின் கையில் கழற்றவே முடியாத ஒரு காப்பு இருந்தால் மடத்தில் அவளை எப்படிச் சேர்ப்பார்கள்?

சந்தியில் மோட்டர் திருத்தும் கடைக்காரர், எரிந்துபோன சுருளிலிருந்து உருவிய செம்புக் கம்பியைக் கேட்டவுடன் தந்தார். வலைப்பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் கம்பி வெட்டும் குறடொன்றை எடுத்துக்கொண்டேன். திருவிழாக் கடையில் முன்பு வாங்கிய நீலக் கண்ணாடி மணிகள் ஒரு பிடி இருந்தன. போதாததற்கு கோவிலில் முதல் நன்மை வாங்கியபோது நான் உடுத்த சட்டையின் கழுத்தில் தைத்திருந்த வெள்ளை முத்துகளைப் பிளேட்டால் ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தேன். கரையில் பொறுக்கிய சின்னச் சிப்பிகள் சிலவற்றில் ஏற்கெனவே ஊசித்துளை ஒன்று இருக்கும். கடல் நத்தை ஒன்று துளைத்து உள்ளே இருந்ததைத் தின்ற அடையாளம் அது என்று பின்னாளில் படித்தேன். அப்போதோ, எனக்காகவே கடல் துளையிட்டு அனுப்பியதாக நம்பினேன்.

மத்தியான வெயிலில் கவிழ்ந்து கிடந்த ஒரு பழைய வள்ளத்தின் நிழலில் இருந்து கம்பியை வளைத்தால், காற்றும் மணலும் அலையும் ஒரே இரைச்சலாகி, நான் தண்ணீருக்கு அடியில் இருந்து வேலை செய்வதுபோல இருக்கும். ஒரு மீன், ஒரு நங்கூரம், ஐந்து கால் நட்சத்திரம் எல்லாம் கம்பியில் பிறந்தன. கடற்குதிரை ஒன்றும் செய்தேன், அதைப் பார்த்த அம்மா, "இதென்ன, தலை வீங்கின றாலோ?" என்று கேட்டாள். தொங்கட்டான்களைக் கோக்கும் வளையங்கள் முதலில் வாய் பிளந்து விழுந்துகொண்டே இருந்தன. வளையத்தின் கழுத்தைச் சுற்றி அதே கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி, நுனியைக் குறட்டால் அமத்திவிட்டால் பிடி விடாது என்பதை விரலெல்லாம் கீறுப்பட்ட பிறகு நானாகவே கண்டுபிடித்தேன்.

கொக்கி மட்டும் வைக்கவில்லை. புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்பு அக்காவைக் கூட்டிப்போய் அந்த நிழலில் இருத்தி, அவள் மணிக்கட்டிலேயே இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கினேன்.

"எப்பிடியடி கழட்டுறது?"

"கழட்டேலாது."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தி ஆட்டினாள். சிப்பியும் மணியும் ஒன்றோடொன்று உரசிச் சலசலத்தன. "நல்ல வடிவா இருக்கு" என்றாள். கம்பி பட்ட இடம் இரண்டு நாளில் பச்சையாகிவிட்ட பிறகும் எனக்குக் கையை ஆட்டிக் காட்டினாள்.

புறப்பட்ட அன்று அம்மாவும் நானும் அக்காவோடு போனோம். கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியைக் கடந்து பஸ் பெருநிலத்துக்கு ஏறியபோதும், இலுப்பைக்கடவையில் நிறுத்தித் தேத்தண்ணீர் குடித்தபோதும் நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். மடத்தின் வரவேற்பறையில் கதிரைகள் பளபளத்தன. வயதான மதர் ஒருவர் வந்து அக்காவின் கையைப் பிடித்தார். காப்பைக் கண்டு நின்றார்.

"ஆர் பிள்ளை செய்தது?"

"என்ரை தங்கச்சி, மதர்."

"அதைக் கழட்டேலாது, மதர்" என்றேன் நான், என்னை ஒருவரும் கேட்காமலே. "கொக்கி இல்லை. அக்காவைத் திருப்பி அனுப்புங்கோ."

அம்மா என் தோளைக் கிள்ளினாள். மதர் அக்காவைப் பார்த்தார். அக்கா என் முன்னால் முழங்காலில் இருந்தாள். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்தாள். காப்பு ஒரே இழுவையில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதை என் கையில் வைத்துப் பொத்தினாள்.

"மீன் வெட்டேக்க எல்லாம் கழட்டித்தான் வைச்சனான். நீ பள்ளிக்கூடத்தால வாறதுக்கு முதல் திருப்பிப் போடுவன்."

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழவில்லை. ஏமாற்றப்பட்டேனா, இல்லை, அவ்வளவு நாளும் கொஞ்சப்பட்டேனா என்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் காப்பை ஒரு வருடம் நானே போட்டிருந்தேன். வளைத்த இடங்களில் கம்பி முறிந்து முறிந்து, மீன் ஒருநாளும் நங்கூரம் ஒருநாளுமாக உதிர்ந்து, கடைசி மணியும் எங்கோ குளிக்கும்போது போயிற்று.

இப்போது நான் நானாட்டானில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறேன். நாங்கள் வளர்ந்த அந்தத் தென்கரையில் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. வள்ளம் கிடந்த இடத்தால் கிரவல் பாதை போகிறது. போன சோளகத்தில் அக்கா விடுமுறையில் வந்தபோது இருவரும் அங்கே நடந்தோம். அவளுக்கு மடத்தில் வேறு பெயர். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் "சிஸ்ரர்". அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள். நானும் எப்போது மாறினேன் என்று தெரியவில்லை.

"காப்பைக் கழட்டின அண்டைக்கு என்னோடை கோவமா இருந்தனியோ?" என்று கேட்டாள்.

"ஓம் சிஸ்ரர். கனகாலம்."

அவள் நின்றுவிட்டாள். துறவாடையின் நுனி காற்றில் படபடத்தது. கரையின் இரு பக்கமும் பார்த்தாள்.

"இங்கை ஒருத்தரும் இல்லை. அக்கா எண்டே சொல்லன்."

சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்காத அளவு குரல் தாழ்ந்திருந்தது.

"கேக்கேல்லை" என்றாள், காதைக் கிட்டக் கொண்டுவந்து.