விளக்கெண்ணெய் குடித்த பெட்டி

விளக்கெண்ணெயும் செங்காவித் தூளும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். சூடான செங்கல்லின் மேல் தண்ணீர் தெளித்தாற்போல ஆரம்பித்து, பேதிக்குக் குடிக்கச் சொன்ன நாளின் குமட்டலில் போய் முடியும். எனக்கு இப்போது தொண்ணூறை எட்டுகிற வயது. பல் போய்விட்டது, ஒரு காது போய்விட்டது, அந்த வாசனை மட்டும் மூக்கின் எந்த மூலையிலோ உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் குடியிருந்தோம். எங்கள் நைனாவுக்கு அடிபம்பு ரிப்பேர் செய்கிற தொழில். ஆழ்வார்பேட்டை பங்களாக்களிலும் மாம்பலத்திலும் (தியாகராய நகர் என்று பலகையில் எழுதியிருந்தாலும் எங்கள் வாயில் அது மாம்பலம்தான்) கிணற்றோரம் பம்பு முனகினால் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் வாசலில் நின்று ஒருமுறை அடிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, உள்ளே தோல் வாஷர் தேய்ந்திருக்கிறதா, குழாய் ஓட்டையா என்று சொல்லிவிடுவார். பள்ளிக்கூடம் போகாத மனுஷர். நானும் போகவில்லை, அதனால் எனக்கு அது பெரிய படிப்பாகவே தெரிந்தது.

பிறகு யுத்தம் வந்தது. பட்டணத்தின் மேல் குண்டு விழும் என்று பேச்சுக் கிளம்பி, வசதி உள்ளவர்கள் எல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் போய்விட்டார்கள். தெருத் தெருவாகப் பூட்டு. அடிக்க ஆள் இல்லாத பம்பு கெட்டுப்போனால் என்ன, போகாவிட்டால் என்ன. நைனா காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார், வெயில் ஏறியதும் அப்படியே திரும்பி வருவார். எங்கள் வீட்டில் சோறு கஞ்சியாகி, கஞ்சியும் நீர்த்துப்போன சமயத்தில்தான், அடையாற்றுப் பாலத்துக்கு அப்பால் பட்டாளத்து லாரிகளை ரிப்பேர் செய்ய ஒரு ஷெட் போட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை கை வேலை பார்த்து பிட்டர்களை எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அரம், சுத்தியல் என்று சொந்த ஆயுதத்தோடு வரவேண்டும், அதுவும் பூட்டுப் போட்ட பெட்டியில். முந்தின தடவை சாக்குப் பையில் கொண்டு போனவர்களை வாசலோடு அனுப்பிவிட்டார்களாம்.

நைனாவிடம் பெட்டி இருந்தது. மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் எப்போதோ வாங்கின இரும்புப் பெட்டி, பச்சை நிறம், மூடியில் வெள்ளையாக இரண்டு வரி இங்கிலீஷ் எழுத்து. அந்த எழுத்துகளின் மேல் நான் விரலை ஓட்டிக்கொண்டே இருப்பேன். ஒன்று மீன் முள் மாதிரி இருக்கும், ஒன்று கயிற்றில் விழுந்த முடிச்சு மாதிரி. பெட்டி செய்த கம்பெனியின் பேர் என்று நைனா நினைத்திருந்தார், அம்மா அதைக் கோலம் மாதிரி ஒரு அலங்காரம் என்றே நினைத்திருந்தாள். பட்டாளத்து இடத்துக்குப் போகிறோமே என்று எதற்கும் சாந்தோமில் ஆரோக்கியம் டீச்சரிடம் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார்கள். டீச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்து, மேலே இருப்பது யாரோ ஒரு வெள்ளைக்காரன் பெயர், கீழே இருப்பது "தொடாதே" என்று சொன்னார்.

"தொடாதன்னு எழுதி வச்சிட்டு, அதையே வித்துட்டுப் போய்க்கீறான் பாரு" என்று அம்மா சிரித்தாள். நைனா சிரிக்கவில்லை. பட்டாளத்து வாசலில் வெள்ளைக்காரன் பெயர் போட்ட பெட்டியோடு நின்றால் சர்க்கார் சாமானைத் திருடினவன் என்று பிடித்து வைப்பார்கள். திங்கட்கிழமைக்குள் அந்தப் பெயர் மறைய வேண்டும்.

செங்கல் துண்டும் மணலும் வைத்துச் சுரண்ட ஆரம்பித்தோம். எனக்கு அது திருவிழா. பச்சை உரிந்தால் அடியில் சாம்பல் நிறம், அதற்கும் அடியில் கருநீலம், இந்தப் பெட்டி இதற்கு முன்னே எத்தனை பேர் வீட்டில் இருந்ததோ என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஆளை நான் கற்பனை செய்துகொண்டேன். ஆனால் வெள்ளை எழுத்து மட்டும் அசையவில்லை. பூசி மறைப்பதுதான் வழி என்று நைனா சொல்லிவிட்டு, அரத்துக்குக் கைப்பிடி போட்டுவரக் கிளம்பிப் போனார்.

அடுத்த சந்தில் காதர் பாய் என்று ஒருவர், ஜட்கா வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். யுத்தத்தில் டப்பா பெயிண்டுக்குப் பஞ்சம். அவர் ஒரு பொட்டலம் செங்காவித் தூளும் முடி கொட்டின ஒரு பிரஷ்ஷும் கொடுத்து, ஆளிவிதை எண்ணெயில் குழைத்து அடிக்கச் சொன்னார். நான் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு குளத்தைச் சுற்றியுள்ள கடைகளில் தொடங்கி மாம்பலம் வரைக்கும் நடந்தேன். எந்தக் கடையிலும் இல்லை, எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது என்றார்கள். காலி பாட்டிலோடு வந்த என்னைப் பார்த்து அம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"எண்ணெ எண்ணெதானேடா. அவுரு சொன்னது விதையில ஆட்னது, நம்மளுதும் விதையில ஆட்னது. இது சாமிக்கே ஊத்தறது" என்று சொல்லி விளக்கெண்ணெய்க் குப்பியை எடுத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் நானும் அவளுமாகப் பூசினோம். என்ன அழகு தெரியுமா. பழுத்த மிளகாய் மாதிரி பளபளவென்று, கீல், தாழ்ப்பாள், மூலை முடுக்கு எதையும் விடவில்லை. வெள்ளைக்காரன் அடியில் போய்ப் படுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டுப் பார்த்தேன், விரல் சிவந்தது. சாந்தோம் மாதா கோயில் மணி அடிக்கிறபோதெல்லாம் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். வெயிலில் வைத்தால் இன்னும் இளகிப் பளபளத்தது. ஒரு கட்டெறும்பு மூடியின் மேல் பாதி வழி போய் அங்கேயே நின்றுவிட்டது. வெயிலில் துணி காய்கிறது, வடகம் காய்கிறது, இது ஏன் காயமாட்டேன் என்கிறது என்று எனக்கு மண்டை குடைந்தது. அம்மா விசிறியை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில், காய்ச்சல்காரனுக்கு விசிறுவது போல உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் நைனா காதர் பாயைக் கையோடு அழைத்து வந்தார். பாய் விரலால் தொட்டு முகர்ந்தார். முகர்ந்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"இன்னாமா, பொட்டிக்குப் பேதி மருந்து குடுத்துட்டியே. இது தீபாவளி வந்தாலும் காயாது."

மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கலாமா என்று ஒரு ஓரத்தில் துடைத்தோம். அடியிலிருந்து மீன் முள் எழுத்தின் வால் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. நைனா சட்டென்று அந்த இடத்தில் திரும்பச் சிவப்பைத் தடவி மூடினார். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, தன்னால்தான் எல்லாம் போயிற்று என்று அழுதாள். நைனா அவளைத் திட்டவில்லை. "ஈரமாத்தானே கீது, களவாண்டதுன்னு எழுதலியே" என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை விடிந்ததும் பெட்டியை வாழையிலையில் சுற்றி, பிடியில் துணி கட்டி, தன் வேட்டியில் படாமல் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்து போனார்.

அன்றைக்கு அம்மா அடுப்பு மூட்டவே இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் நைனா வந்தார். பெட்டியில் சுற்றின இலை இல்லை. வேலை கிடைத்துவிட்டது என்றார், நாளையிலிருந்து வரச்சொன்னார்கள் என்றார், அம்மா அடுப்படிக்கு ஓடினாள். நான் பெட்டியிடம் ஓடினேன்.

மூடி முழுக்கக் கை. நடுவில் ஒரு பெரிய உள்ளங்கை, அது தட்டிப் பார்த்த வாசல் சிப்பாய், அவன் காக்கி நிக்கரிலும் அதே கை இருக்கிறது என்றார் நைனா. பக்கவாட்டில் ஒரு கட்டைவிரல், அது போர்மேன். இது யாருது என்று மூடியின் மூலையைக் காட்டினேன். அங்கே நான்கு விரல் ஆழமாகப் பதிந்திருந்தது, மூடியை நெம்பினாற்போல.

"அது எங்கைதான்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்து வைத்துப் பார்த்தேன். மூலையில் இருந்த நாலில் ஒரு விரல் பாதியோடு நின்றிருந்தது.

"நைனா, உன் வெரலு எல்லாம் முழுசா கீதே."

"கஞ்சி ஆறிப்பூடும். போய்க் குடி."

எனக்குத் தூக்கம் போயிற்று. அதற்கப்புறம் பல மாதம் நான் ஆள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். டிராமில் டிக்கெட் கிழிப்பவன் கை, குளத்துப் படியில் துவைப்பவர்கள் கை, தேர் வடம் பிடிக்கிறவர்கள் கை, நாவிதர் கை என்று மயிலாப்பூர் முழுவதும் ஒரு பாதி விரலைத் தேடினேன். பெட்டியைத் துடைத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் அம்மா விடவில்லை, ராசியான பெட்டி என்று சொல்லிவிட்டாள். தூசியும் வெயிலும் குடித்து அது மெல்ல மெல்ல இறுகியது. ஆயுத பூஜைக்கு முன்னால் காதர் பாய் வந்து, தன் மானம் போகிறது என்று வண்டிக்குப் பூசுகிற வார்னிஷ் ஒரு கை பூசினார். எல்லாக் கைகளும் அடியில் அப்படியே நின்றுபோயின.

பூஜை அன்று நைனா ஷெட்டிலிருந்து ஒருவரைச் சாப்பிட அழைத்து வந்தார். பெருமாள் என்று பெயர், சைதாப்பேட்டைக்காரர், ஒல்லியாக, அதிகம் பேசாதவர். இலையில் சோற்றைப் பிசைந்தபோது பார்த்தேன், வலது ஆள்காட்டி விரல் பாதிதான். நான் சோற்றை மறந்து அதையே பார்த்தேன். அவர் சந்தனப் பொட்டு வைத்த பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, மூலையில் விரல்களை வைத்தார். அளவெடுத்தாற்போலப் பொருந்தியது.

"நீ பாத்துக்கினு கீறது இதத்தானே தம்பி" என்றார். "ஆள் எடுத்த அன்னிக்கு எங்கையில அரம் இல்ல. எல்லாரும் தண்ணி குடிக்கப் போனப்போ உங்க நைனா பொட்டிய நெம்புனேன். பூட்டு கீது, கையெல்லாம் செவப்பு. போர்மேன் வந்து இது யார் கைன்னு கேட்டான். நான் கைய முதுகுக்குப் பின்னால வச்சிக்கினு நின்னேன். உங்க நைனா எங்கைதான் சார்னாரு."

போர்மேன் நைனாவின் ஐந்து விரலையும் பார்த்தாராம், பெட்டியைப் பார்த்தாராம், வேலையைப் பார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். நைனா பெட்டியைத் திறந்து அரத்தை எடுத்து, தன் வேலை முடிந்ததும் பெருமாளிடம் கொடுத்தாராம், கை துடைக்கத் துணியும் சேர்த்து.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்று நைனா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். அம்மா பெருமாள் மாமாவுக்கு இன்னொரு கை சுண்டல் வைத்தாள். அன்றிலிருந்து அவர் எனக்கு மாமாதான், கடைசி வரைக்கும்.

அடையாற்று ஷெட் இருந்த இடத்தில் இப்போது அடுக்கு மாடி நிற்கிறது. ஜட்கா போய்விட்டது, கிணறுகளை மூடிவிட்டார்கள், பம்பு அடிக்கிற சத்தம் எந்தத் தெருவிலும் கேட்பதில்லை. பெட்டி மட்டும் எங்கள் பால்கனியில் துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. போன மாதம் பேத்தி ஒரு டப்பா வாங்கி வந்தாள், பீய்ச்சி அடித்தால் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடுகிற பெயிண்டாம். பக்கமெல்லாம் அடித்துக்கொள், மூடியை விட்டுவிடு என்றேன். நீலத்தை அடித்துவிட்டு, மூடியின் மூலையைத் தடவிப் பார்த்தவள், பாதியில் நிற்கிற அந்தப் பள்ளத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

"இது யாரோட கை தாத்தா?"

"எங்க நைனாவோடது" என்றேன்.