கறிவேப்பிலை வேலியில் ஒரு ஓட்டை

அன்று காலை சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில், எங்கள் தோட்ட அமைப்புக் கம்பெனி ஆபீசில் நான் கோப்பியை வாயில் வைக்கவில்லை, அதற்குள் போன். பிடோக் வட்டாரத்து வாடிக்கையாளர் சாவித்திரி அக்கா.

"மல்லிகா, உங்க வேலி பல்லு போன வாய் மாதிரி இருக்கு லா! ஆறு மாசத்துல அந்தப் பக்கம் தெரியவே தெரியாதுன்னு கேரண்டி கொடுத்தீங்கல்ல?"

முதலாளி சலீம் பாய் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இது மூணாவது கம்ப்ளெய்ன்ட்மா. இதை முடிக்கலைன்னா கிளமெண்டி காண்டோ அடுக்குமாடித் தோட்ட சைட்டை வேற சூப்பர்வைசருக்குக் கொடுத்துடுவேன்" என்றார். அந்த சைட்டுக்கு நான் இரண்டு வருடமாகக் காத்திருந்தேன்.

தப்பு என்னுடையதுதான். சாவித்திரி அக்காவின் தரைவீட்டுக்குப் பக்கத்து வீடு அவர் கணவருடைய அண்ணன் வீடு. அந்த அண்ணன் மனைவி கமலாவோடு சாவித்திரி அக்காவுக்கு மூன்று வருடமாகப் பேச்சில்லை. தன் மகன் நிச்சயதார்த்தம் வீட்டிலேயே நடக்கப்போகிறது. அதற்குள் அந்த முகம் தெரியாதபடி நெஞ்சுயரக் கம்பிவேலியை ஒட்டிச் செடி மறைப்பு வேண்டும் என்றார். நான் மூங்கில் சொன்னேன். "வெறும் இலையை வச்சு என்ன பண்றது? கறிவேப்பிலை போடுங்க" என்றார். நானும் தலையாட்டினேன். அடிக்கு ஒரு கன்று வைத்து, நுனி கிள்ளிவிட்டு, பக்கக்கிளை விட வைத்தேன். ஆள் உயரத்துக்கு ஜோராக வந்தது.

ஒரே இடத்தில் மட்டும் அடைபடவில்லை. சமையலறைக்கு நேராக, கம்பிக்குச் சற்று மேலே, ஒரு ஓட்டை. முதல் தடவை புழு என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன். இரண்டாம் தடவை புதுக் கன்று சொருகினேன். மூன்றாம் தடவை போய்ப் பார்த்தால் அதுவும் மொட்டை. குனிந்து பார்த்தேன். புழு கடித்தால் இலை ஓரம் அரிபட்டிருக்கும். இங்கே கொத்துக் கொத்தாக ஒடிந்திருந்தது, அதுவும் இந்தப் பக்கத்திலிருந்து.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே போய் கேட் தூண் ஓரமாக நின்றேன். சாவித்திரி அக்கா வெளியே வந்தார். ஒரு கொத்து ஒடித்தார். ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டைக்குள் நீட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வளையல் கை வாங்கிக்கொண்டு, நாலு பச்சை மிளகாயை இந்தக் கையில் வைத்தது. சத்தமே இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! "என்னக்கா இது? என் வேலை போகப் பாக்குது, நீங்களே ஒடிச்சுக் கொடுக்குறீங்க? பேச்சுவார்த்தையே இல்லைன்னீங்க?"

"இல்லைதான். அது வேற, இது வேற. தாளிக்கிற நேரத்துல கறிவேப்பிலை கேட்டா யாராவது இல்லைன்னு சொல்வாங்களா?"

"கேட்டாங்களா?"

"பேசுறதே இல்லை, எப்படிக் கேப்பா? கை மட்டும் வரும்."

"அப்புறம் எதுக்கு எங்க மேல கம்ப்ளெய்ன்ட்?"

அவர் ஒரு மிளகாய்க் காம்பைக் கிள்ளினார். "ஓட்டை பெருசாயிடுச்சு லா. கை போனா போதும். முகம் தெரியக் கூடாது."

பக்கக்கிளைகளை இழுத்துக் கட்டி ஓட்டையைக் கை அளவுக்குக் குறுக்கினேன். அதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினேன்: மறைப்பு முடிந்தது, கை அளவு இடைவெளி வாடிக்கையாளரின் தேவை. சாவித்திரி அக்கா கையெழுத்துப் போட்டார். சலீம் பாய் இரண்டு தடவை படித்துவிட்டுக் கிளமெண்டி ஃபைலை என் மேஜையில் வைத்தார்.

நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். உள்ளே போனால் அடுப்படியில் அதே வளையலோடு கமலா அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருக்கிறார்!

"கூப்பிட்டீங்களா அக்கா?" என்றேன்.

"நானா? கறிவேப்பிலையோட சேர்ந்து அழைப்புக் கார்டும் போயிருக்கும்."

அதற்குப் பிறகு யார் முழு மறைப்பு கேட்டாலும், செடியின் பெயரைச் சொல்வதற்கு முன், கை போக எவ்வளவு விடணும் என்று கேட்டுவிடுவேன். முதலில் எல்லோரும் முறைப்பார்கள். பிறகு மெதுவாக அளவு சொல்வார்கள்.